அம்மாவுக்கு ஒரு தையல் ரூம்

ஞாயிற்றுக்கிழமை வந்தாலே எனக்கு எரிச்சல்தான். வாரம் முழுக்க இந்த ஊரைச் சகித்துக்கொண்டு கிடக்கிறேனே, அது போதாதா? ஏழாவது நாள் அதைச் சுற்றிப் பார்க்கவும் வேண்டுமாம். ஆராதனை முடிந்து சர்ச்சிலிருந்து வெளியே வந்ததும் ஜெஸ்டின் கார் சாவியை விரலில் மாட்டிச் சுழற்றுவார். "இன்னைக்கு எங்க போலாம்?" என்று கேட்பார். கேட்பதோடு சரி. எங்கே போவது என்பதை அவர் சனிக்கிழமையே முடிவு செய்திருப்பார்.

ஜெஸ்டின் என் கணவர். காற்றாலைக் கம்பெனியில் சூப்பர்வைசர். ஆரல்வாய்மொழியில் நன்றாகத்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கோவில்பட்டிப் பக்கம் புதிதாகக் காற்றாடிகள் நிறுத்துகிறார்கள் என்று போன மே மாதம் இங்கே மாற்றிவிட்டார்கள். தக்கலையில் என் பங்குக்கு வந்த வீட்டைப் பூட்டிவிட்டு நானும், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள் ஆஸ்லினும் மூட்டை முடிச்சோடு பின்னால் வந்தோம். நான் சும்மா வரவில்லை, வாக்கு வாங்கிக்கொண்டுதான் வந்தேன். ஒரே வருஷம். அடுத்த ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது நாங்கள் தக்கலையில் இருக்க வேண்டும். சரி என்று தலையை ஆட்டினார்.

தக்கலையில் எனக்குக் கடை இருக்கிறது. எனக்கும் என் அக்கா எஸ்தர்ராணிக்கும் பாதிப் பாதி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் 'எஸ்தர் - ஜெபிஷா லேடீஸ் டெய்லர்ஸ்' என்று போர்டு தொங்கும். ஜெபிஷா நான்தான். கல்யாணப் பெண்ணுக்கு வெள்ளைச் சேலைக்குப் பிளவுஸ், கவுன், கூட வரும் தோழிகளுக்கு ஒரே நிறத்தில் பாவாடை என்று மார்த்தாண்டத்திலிருந்தும் குலசேகரத்திலிருந்தும் எங்களைத் தேடி வருவார்கள். கிறிஸ்மஸ் நெருங்கிவிட்டால் சோறு தின்ன நேரம் இருக்காது. அந்த மெஷினில் உட்கார்ந்துதான் நான் ஒரு ஆளாக இருந்தேன். யாரும் என்னை ஜெஸ்டினின் மனைவி என்று சொன்னதில்லை, ஜெஸ்டினைத்தான் டெய்லர் ஜெபியின் மாப்பிள்ளை என்றார்கள்.

புறப்படும்போது அக்கா தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"ஒரு வருசம் ஒன் மெஷின மூடி வச்சிருக்கேன் பிள்ளே. அதுக்கு மேல ஏலாது. ஒத்தையில நான் கெடந்து சாவணுமா? ஜூன்ல நீ வரல்லேன்னா வேற ஆளப் போட்டு, போர்டையும் மாத்திருவேன்."

கூடப் பிறந்தவள் என்று அவள் பாவம் பார்க்கமாட்டாள். நானாக இருந்தாலும் பார்க்கமாட்டேன். எங்கள் வீட்டு ரத்தம் அப்படி.

இங்கே வந்த புதிதில் எனக்குத் தையல் தெரியும் என்று எதிர்வீட்டுத் தங்கமாரியிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாளே ஒரு கிழிந்த நைட்டியைக் கொண்டுவந்து நீட்டினாள். "சும்மாதானக்கா இருக்கீங்க, ஒரு ஓட்டு ஓட்டிக் குடுங்க" என்றாள். கல்யாண கவுனுக்கு முத்து கோத்த கை இது. நைட்டியை அவள் கையிலேயே திணித்து அனுப்பினேன். அதிலிருந்து அவள் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். திருப்பட்டும், எனக்கு என்ன நஷ்டம்? எங்கள் ஊர்ப் பேச்சைப் பிடித்து, ஆஸ்லினைப் பள்ளிக்கூடத்தில் 'மக்ளே, மக்ளே' என்று கூப்பிட்டுக் கேலி செய்தார்கள். அவள் இரண்டு வாரம் அழுதாள். பிறகு அவளும் இந்த ஊர்க்காரி மாதிரி 'ஏட்டி' என்று கூப்பிடக் கற்றுக்கொண்டு வந்தாள். அழுதபோதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

இந்த அழகில்தான் ஞாயிற்றுக்கிழமைச் சுற்றுலா. முதலில் கழுகுமலை. உச்சி வெயிலில் பாறை மேல் ஏற்றி, சிற்பத்தைப் பார், சிற்பத்தைப் பார் என்றார். எனக்கு உள்ளங்கால் வெந்ததுதான் நினைவிருக்கிறது. அடுத்து கடம்பூர். ஒரு போளி வாங்குவதற்காகக் காரை எடுத்துக்கொண்டு போகும் குடும்பம் உலகத்தில் நாங்கள் ஒன்றுதான் இருப்போம். போளி நன்றாகத்தான் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. அப்புறம் குளத்தூர் வழியாக வேம்பாருக்குக் கூட்டிப்போய்க் கடலைக் காட்டினார். மூன்று கடலும் சேர்கிற மாவட்டத்திலிருந்து வந்தவளுக்குக் கடலைக் காட்டுகிறார் மனுஷன்! போகிற வழியில் உப்பளத்தைப் பார்த்துக் கண் கூசியது. ஆஸ்லின் காரில் வாந்தி எடுத்தாள்.

ஒவ்வொரு தடவையும் வீடு திரும்பும்போது கேட்பார்: "எப்படி இருந்துச்சு ஜெபி?"

"நம்ம ஊர்ல இந்நேரம் திற்பரப்பு அருவிக்குப் போய்க் குளிச்சிட்டு வந்து தூங்கியிருப்போம்" என்பேன்.

தலையை ஆட்டிக்கொண்டே வண்டியை ஓட்டுவார். அவர் கோபப்பட மாட்டார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது. சண்டைக்கு இழுத்தால் நழுவி, மெல்லச் சிரித்து, தலையாட்டி, பிறகு தான் நினைத்ததையே செய்கிற ஆள். கத்துகிற புருஷனோடு வாழ்ந்துவிடலாம். தலையாட்டுகிறவனை எங்கே பிடிப்பது?

செப்டம்பர் கடைசியில் ஊர் சுற்றுவது நின்றது. இனி ஒரே இடம். ஊருக்கு வெளியே, புதூர்ப் பக்கம் போகும் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு கிளைச்சாலை. அதன் ஓரத்தில் உழுது போட்ட கருப்பு மண். ஓரத்தில் மூன்று பனை, சுற்றிலும் சீமைக்கருவேலம், தூரத்தில் வரிசையாகக் காற்றாடிகள். புல் கிடையாது, தண்ணீர் கிடையாது, உட்கார ஒரு நிழல் கிடையாது. இதற்குப் பெயர் காடாம். இந்த ஊரில் மானாவாரி நிலத்தைக் காடு என்றுதான் சொல்கிறார்கள். "என்ன காத்து பாரு!" என்று ஜெஸ்டின் பாயை விரிப்பார். நான் கட்டிக் கொண்டுவந்த சோற்றில் மண் பறந்து விழும். இரண்டாம் வாரமும் அங்கேயே போனோம். காற்றாடிக்காரனுக்குக் காற்று பிடித்துவிட்டது, வேறென்ன என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது ஞாயிறு, அக்டோபர் நடுவில். காலையிலிருந்தே புழுக்கம் தாங்கவில்லை. மேற்கே மேகம் கருத்துக் கிடந்தது. அன்று ஜெஸ்டின் வழக்கம்போல் ரோட்டோரத்தில் நிறுத்தாமல், காரை நிலத்துக்குள்ளேயே இறக்கி நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். மண் காய்ந்து பொடியாக இருந்தது, வண்டி குலுங்கிக்கொண்டே போனது. பாய் விரித்துத் தின்றோம். கை கழுவிவிட்டு அவர் எழுந்து நடக்க ஆரம்பித்தார்.

நான் பாத்திரத்தை மூடிக்கொண்டே அவரைப் பார்த்தேன். பனையிலிருந்து ரோடு வரைக்கும் ஒரே சீராக எட்டு வைத்து நடந்தார். திரும்பினார். ரோட்டை ஒட்டி மறுபடி அதே எட்டு. உதடு அசைந்தது. தெருவில் போகிறவளை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தால் அவள் தோளளவு, இடுப்பளவு சொல்லுவேன் நான். அளவெடுக்கிற ஆளை எனக்குத் தெரியாதா? இந்த மனிதர் காற்று வாங்க நடக்கவில்லை.

அந்தப் பக்கம் ஆஸ்லின் ஒரு பனை மட்டையை வைத்து மண்ணில் கோடு கீறிக்கொண்டிருந்தாள். நீளமாக ஒரு கட்டம், அதற்குள் சின்னச் சின்னக் கட்டங்கள்.

"என்ன மக்ளே வரையுத?"

"வீடும்மா. இது ஹால். இது கிச்சன். இது என் ரூம், ஜன்னல்ல இருந்து பாத்தா காத்தாடி தெரியும்." மட்டையைத் தூக்கி ஓரத்தில் இருந்த சின்னக் கட்டத்தைக் காட்டினாள். "இது ஒனக்கு. தையல் ரூம்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, அப்பா சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்க. சர்ப்ரைஸ்."

என் கடை, என் பாதி, என் பெயர் போட்ட போர்டு, எல்லாவற்றையும் சுருக்கி இந்தப் பொட்டலில் ஒரு மூலையில் கட்டம் போட்டிருக்கிறார்கள். அதைப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. எழுந்து அவரை நோக்கிப் போனேன். என்ன கேட்பது என்றுகூட யோசிக்கவில்லை, கையில் இருந்த தூக்குவாளியோடு போனேன்.

நான் அவரிடம் போய்ச் சேர்வதற்குள் ரோட்டிலிருந்து ஒரு சத்தம்.

"ஏலே! ஏட்டி! எந்திரிங்க எல்லாரும்! வெதச்ச காட்டுல பாய விரிச்சுச் சோறா திங்குதீங்க?"

ஐம்பது வயது இருக்கும். ஒல்லி. சேலையைத் தூக்கிச் செருகி, ஆட்டுக்குத் தழை ஒடிக்கிற தொரட்டியைக் கையில் பிடித்தபடி விறுவிறுவென்று வந்தாள். நேராக ஆஸ்லினிடம் போய்ப் பனை மட்டையைப் பிடுங்கி வீசினாள். பிள்ளை பயந்துபோய் என் பின்னால் ஒளிந்தது.

"பிள்ள மேல கை வச்சா தெரியும்!" என்றேன். "யாரைப் பாத்து ஏட்டிங்கிறீங்க?"

"ஒன்னத்தான். வேற யாரு இங்கன நிக்கா?"

"என்ன வெதச்சிருக்கு இங்க? வெறும் மண்ணுல்லா கெடக்கு."

அவள் குனிந்தாள். ஆஸ்லின் கீறிய கோட்டுக்குள் விரலை விட்டு இரண்டு மக்காச்சோள மணிகளை எடுத்தாள். மருந்து தடவிச் செக்கச்செவேலென்று இருந்தன. என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இது என்னது? ஒம்புள்ள தோண்டிப் போட்டது."

"மழையே பேயல. மழைக்கு முன்ன யாராவது வெதைப்பாங்களா?"

"பேஞ்ச பெறவு இந்த மண்ணுக்குள்ள எவன் எறங்குவான்? நீ எறங்குவியா? பொரட்டாசியில புழுதியிலயே போட்டுட்டு வானத்தப் பாத்துக்கிட்டு இருக்கோம். நீங்க வாரந்தவறாம வந்து குண்டிய வச்சுத் தேச்சுட்டுப் போறீங்க!"

எங்கள் ஊரில் ஈரம் கண்ட பிறகுதான் விதைப்பார்கள். மழை அங்கே நினைத்தபோதெல்லாம் வரும். இந்த ஊரில் விதையைக் காய்ந்த மண்ணில் புதைத்துவிட்டுக் காத்திருப்பார்கள் என்று எனக்கு எந்தச் சாமி வந்து சொல்லும்? எனக்கு வெட்கமெல்லாம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தெரியாமல் உட்கார்ந்ததற்குத் திட்டு வாங்க நான் ஆள் இல்லை.

"தெரியாம உக்காந்துட்டோம். அதுக்கு இப்படியா பேசுவீங்க?"

அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"ஒனக்குத் தெரியாது, சரி. ஒம்புருசனுக்குமா தெரியாது? போன வாரம் புரோக்கர் முத்துசெல்வத்தோட பைக்குல வந்தாவல்லா? நான் இங்கன நின்னு, கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன். வாங்குததுன்னா வாங்குங்க, காடு எனக்குச் சொந்தமில்ல, சிவகாசிக்காரவியகிட்ட குத்தகைக்குத்தான் பாக்கேன். ஆனா வெத போட்டாச்சு, தை மாசம் கதிரு அறுக்க வரைக்கும் கால் வைக்காதீங்கன்னேன். சரிம்மா, சரிம்மான்னு தலைய ஆட்டுனாவ. இன்னைக்குக் காரையே உள்ள எறக்கிட்டாவ."

நான் ஜெஸ்டினைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கார் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவிய சொல்லுதது நிஜமா?"

"ஜெபி, வீட்ல போய்ப் பேசிக்கலாம்."

"எந்த வீட்ல? நீங்க கோடு போட்ட வீட்லயா?"

அவர் ஆஸ்லினைப் பார்த்தார். பிள்ளை என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அவர் பெருமூச்சு விட்டார், பாவப்பட்ட ஆள் போல.

"நான் எப்படி வளர்ந்தேன்னு ஒனக்குத் தெரியும்லா. மூணு சென்ட் வீட்ல நாலு அண்ணன் தம்பி. கக்கூசுக்கு வரிசையில நின்னவன் நான். நம்ம ஊர்ல ஒரு முழம் மண்ணு வாங்க முடியுமா? இங்கன்னா முடியும். கம்பெனியும் இன்னும் பத்து வருசத்துக்கு இந்தப் பக்கந்தான்னு சொல்லுறாங்க. ஒனக்கும் தனியா ஒரு ரூம்..."

"ஜூன்ல போவோம்னு சொன்னீங்க."

"சொன்னேன். இல்லேன்னு சொல்லல. இங்க பழகிட்டா நீயே போக வேண்டாம்னு சொல்லுவன்னு நெனச்சேன். அதுக்குத்தான வாரா வாரம் கூட்டிட்டுப் போனேன்? ஒன் பேர்லதான் எழுதப் போறேன் ஜெபி. புதன்கிழமை ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டா போதும். பொம்பள பேர்ல எழுதினா செலவும் கொறையும்."

கழுகுமலையும் கடம்பூர்ப் போளியும் வேம்பார்க் கடலும் எதற்கு என்று அப்போது புரிந்தது. பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கேசரி கிண்டி வைப்பது போல, எனக்கு ஊரைக் காட்டியிருக்கிறார்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "சரி, வேண்டாம்னா விடு. என் பேர்லயே எழுதிக்கிறேன்."

அவ்வளவுதான். நான் மாட்டேன் என்றால் நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். என் சம்மதம் அவருக்குக் கொஞ்சம் செலவு குறைக்கிற விஷயம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இத்தனை வருஷத்தில் அவர் மேல் எனக்கு வந்த கோபமெல்லாம் கோபமே இல்லை என்று அந்த நிமிஷம் தோன்றியது. அந்த மனிதரை நான் வெறுத்தேன்.

"புருசன் பொண்டாட்டி சண்டைய ரோட்டுல போய் வச்சுக்கோங்க" என்று கத்தினாள் அந்தப் பொம்பளை. "மானம் கருத்துட்டு வருது. மொதல்ல கார எடுங்க. எடுங்கங்கேன்!"

முதல் சொட்டு என் நெற்றியில் விழுந்தது. அடுத்த நொடியே பிடித்துக்கொண்டது. ஐந்து மாதமாக நான் மழையைப் பார்க்கவில்லை. வந்த ஆத்திரத்தையும் மீறி என் முகம் தானாக மேலே திரும்பியது. ஆஸ்லின் சேலையை விட்டுவிட்டு ஓடிப்போய் இரண்டு கையையும் விரித்துச் சுற்றினாள். ஜெஸ்டினும் தலையைத் துடைக்காமல் நின்று நனைந்தார். என் கண்ணீரும் மழையோடு சேர்ந்து ஓடியது, யாருக்கும் தெரியவில்லை.

"ஏ கூறுகெட்டதுகளா! கார எடுங்க!"

"மழை விடட்டும்மா, எடுத்துருவோம்" என்றார் ஜெஸ்டின்.

குலசேகரத்து மலையில், கொட்டுகிற மழையில், ரப்பர் தோட்டத்துக்குள் வண்டி ஓட்டியவர் அவர். மழையைப் பார்த்துக் காரை எடுத்துக்கொண்டு ஓடுகிற வழக்கம் எங்களில் யாருக்கும் கிடையாது. அந்தப் பொம்பளை தலையில் அடித்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள்.

மழை கொஞ்ச நேரம்தான் பெய்தது. விட்டதும் ஜெஸ்டின் ஏறி வண்டியைக் கிளப்பினார். டயர் இருந்த இடத்திலேயே சுற்றியது. இன்னும் அழுத்தினார். கருப்புச் சேறு என் சேலை வரைக்கும் தெறித்தது, கார் குழி பறித்துக்கொண்டு உள்ளே இறங்கியது. கதவைத் திறந்து காலை வெளியே வைத்தவர், ஷூவை மண்ணிலேயே விட்டுவிட்டு வெறுங்காலை மேலே தூக்கினார். நான் ஒரு எட்டு வைத்தேன். செருப்போடு ஒரு கூடை மண் சேர்ந்து வந்தது. அடுத்த எட்டில் செருப்பு வரவில்லை.

ஜெஸ்டின் போனை எடுத்து முத்துசெல்வத்திடம் ஒரு டிராக்டர் அனுப்பச் சொன்னார். ரோட்டோரப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருந்த அந்தப் பொம்பளை அங்கிருந்தே சத்தம் போட்டாள்.

"டிராக்டரு எறங்குச்சுன்னா குறுக்க படுத்துருவேன்! நல்ல ஈரம் எறங்கியிருக்கு, நாலு நாள்ல மொளைச்சிரும். மண்ணு காயுத வரைக்கும் காரு அங்கனயே கெடக்கட்டும். இந்த வள்ளித்தாய் செத்தாத்தான் ஏத்த முடியும்!"

"காலையில டூட்டிக்குப் போகணும்மா!"

"காத்தாடிய பிடிச்சுக்கிட்டுப் பறந்து போங்க!"

அவர் என்னிடம் வந்தார், காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்து. "நீ சொல்லு ஜெபி. பொம்பளைக்குப் பொம்பள சொன்னா கேட்பா."

"நட்டது நீங்க. நீங்களே அறுத்துக்கோங்க."

கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். ஆஸ்லினின் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு அவள் கையைப் பிடித்தேன். ரோடு பக்கத்தில்தான் இருந்தது, போய்ச் சேர வெகு நேரமானது. வள்ளித்தாய் நாங்கள் வைக்கிற ஒவ்வொரு எட்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள், எந்த விதை போகிறது என்று எண்ணுகிற மாதிரி.

ரோட்டில் ஏறியதும் கேட்டாள். "கையெழுத்துப் போட மாட்டேன்னியே, நெசமா?"

"மாட்டேன்."

"நீ போடாட்டா அவரு போடுவாரு. அவரு போடாட்டா இன்னொருத்தன் வருவான்."

"அது உங்க பாடு."

"எம்பாடுதான். நீ என்னத்துக்கு அதச் சொல்லுத?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கும் அவளைப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த இடத்தில் உள்ளதைச் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

கொஞ்சம் தள்ளி ஒரு வேப்பமரம் நின்றது. அதன் அடியில் நின்று அக்காவுக்குப் போன் போட்டேன். ஒரு மாதத்துக்கு மேலாக அவளாகக் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டாலும் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுவாள்.

"அக்கா, நான் ஜூன் வரைக்கும் நிக்கமாட்டேன். இப்பவே வாரேன்."

அக்கா கேட்டாள்: "நீ வரமாட்டன்னுல்லா ஜெஸ்டின் சொன்னாரு?"

"எப்போ?"

"ஓணத்துக்கு முன்னாடி. அங்கயே எடம் வாங்கி வீடு வைக்கப் போறோம், ஜெபிக்கும் சம்மதந்தான், நீங்க வேற ஆளப் பாத்துக்கோங்கன்னு போன் பண்ணாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்கணும்னு ஒனக்குத் தோணல்லியா?"

"நேர்ல சொல்ல ஒனக்கு வாய் வரல்ல, அதான் மாப்பிள்ளைய விட்டுச் சொல்லுறன்னு நெனச்சேன். எனக்குக் கோவம் பிள்ளே. எத்தன வருசம் ஒண்ணா உக்காந்து தைச்சோம். நீயாக் கூப்பிட்டுச் சொல்லட்டும்னு இருந்தேன்."

"என் மெஷின்?"

"ஜெயப்பிரியான்னு ஒரு பிள்ளையப் போட்டிருக்கேன். நல்லாத் தைக்கா."

"போர்டு?"

"எழுதக் குடுத்தாச்சு. இந்த வாரம் தாரேன்னான்."

திரும்பிப் பார்த்தேன். ஜெஸ்டின் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். இரண்டு காலிலும் அப்பிய மண் பானை மாதிரி வீங்கியிருந்தது. நிலத்தில் இன்று கார் இறங்கியிருக்கிறது. என் கடையில் இந்த மனிதர் ஆகஸ்டிலேயே இறங்கிவிட்டார். அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஞாயிறும் என்னிடம் "எங்க போலாம்" என்று கேட்டிருக்கிறார்.

"எழுதுறவன நிறுத்தச் சொல்லு" என்றேன் அக்காவிடம். "நாளைக்குக் காலையில கடைக்கு வருவேன். அந்தப் பிள்ளைய என் மெஷின விட்டு எந்திரிக்கச் சொல்லு."

"என்ன பேசுத? கிறிஸ்மஸ் வேல கையில கெடக்கு. திடீர்னு எந்திரின்னா அவ எங்க போவா?"

"தரையில உக்காந்து கையால தைக்கட்டும். அது என் மெஷின். பாதிக் கடை என்னது. நீ போர்ட மாத்தினா நான் எதிர் மாடிய எடுத்து ஒன் கஸ்டமர அத்தன பேரையும் இழுப்பேன். என்னால முடியும்னு ஒனக்குத் தெரியும்."

"மிரட்டுதியோ?"

"ஆமா."

"எட்டரைக்குக் கடை திறப்பேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

மினி பஸ் வருகிற சத்தம் கேட்டது. கை காட்டி நிறுத்தினேன். "காலைக் கழுவிட்டு ஏறுங்கம்மா, பஸ்ஸெல்லாம் சகதியாவுதுல்லா" என்றான் கண்டக்டர்.

"உங்க ஊரு மண்ணுதான். உங்க பஸ்லயே கெடக்கட்டும்" என்று பிள்ளையைத் தூக்கி உள்ளே ஏற்றினேன்.

ஜெஸ்டின் அப்போதுதான் ரோட்டின் சரிவுக்கு வந்திருந்தார். "ஜெபி, நில்லு! எங்க போற?"

"தக்கலைக்கு."

"பாப்பாவுக்கு நாளைக்கு ஸ்கூல்! டிரஸ் வேண்டாமா? கார் இப்படிக் கெடக்குது, நான் என்ன பண்ணுவேன்?"

"அக்காகிட்ட போன் பண்ணிச் சொல்லத் தெரிஞ்சதுல்லா? இதுக்கும் யார்கிட்டயாவது போன் பண்ணுங்க."

அக்கா சொல்லிவிட்டாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கத்தியிருந்தால், நான் அங்கேயே நின்று சண்டை போட்டிருப்பேனோ என்னவோ. அவர் பாயை இந்தக் கக்கத்திலிருந்து அந்தக் கக்கத்துக்கு மாற்றினார். பஸ் எடுத்துவிட்டது.

ஆஸ்லின் ஜன்னல் கம்பியைப் பிடித்துப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தாள். நனைந்த பிள்ளை, உடம்பு நடுங்கியது. முந்தானையைப் பிழிந்து தலையைத் துவட்டினேன்.

"அம்மா, நான் சொன்னதாலதான ஒனக்குக் கோவம்? எனக்கு அந்த ரூம் வேண்டாம்மா. காத்தாடி தெரியாட்டாலும் பரவாயில்ல. அப்பாவையும் கூப்பிடு."

"நீ சொன்னதுல ஒண்ணும் இல்ல மக்ளே. நீதான் எங்கிட்ட சொன்ன."

"அப்பா வரமாட்டாங்களா?"

அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்தேன், முடியவில்லை.

"உங்க அப்பாவுக்கு வழி தெரியும். பஸ்ஸும் ஓடுது. வரணும்னு இருந்தா வரட்டும். என் வீட்டுக்கு வரட்டும்."